அவளோடு கைகோத்து நடந்தவன்

அத்தியாயம் 5

காலையில் எழுந்தேன். வாசலில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தேன். ஓரத்தை வெட்டிப் பாலை அடுப்பில் வைத்தேன். மோட்டார் போட்டேன். தொட்டி வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்தினேன். காபி குடித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

என் மனைவி அபிகாயில் போன வருடம் இறந்துவிட்டாள். பால் மட்டும் இன்னும் அதே அரை லிட்டர்தான் வாங்குகிறேன். மிச்சத்தை உறைக்கு ஊற்றிவிடுகிறேன். ஃப்ரிட்ஜில் தயிர் சேர்ந்துகொண்டே போகிறது.

பைக்கை எடுத்துக்கொண்டு மேற்குத் தாம்பரம் வந்தேன். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் என் ஆபீஸ். 'காலேப் துப்பறியும் நிறுவனம்' என்று பலகை. நிறுவனம் என்றால் நானும் திரிபுரசுந்தரி அக்காவும். அக்காவுக்கு ஐம்பது வயது. முன்பு பம்மலில் வீட்டு புரோக்கராக இருந்தார். மனிதர்களையும் வாடகை வீடு மாதிரியே பார்ப்பார். எங்கே ஒழுகுகிறது என்று முதலில் தேடுவார்.

படியிலேயே என்னை மறித்தார்.

"தம்பி, உள்ள ஒருத்தர் குந்திகினு கீறாரு. டிரஸ்ஸப் பாத்தா கல்யாண மாப்ள. மூஞ்சப் பாத்தா டைவர்ஸ் கேஸு."

"ரெண்டுல எது?"

"ரெண்டும் ஒரே வாரத்துல நடக்கும் போல கீது."

உள்ளே இருந்தவர் எழுந்து கை கொடுத்தார். பெயர் எட்மண்ட். சேலையூரில் வீடு, கிண்டியில் வங்கி வேலை. மடிப்புக் கலையாத சட்டை. கண்ணில் தூக்கம் இல்லை. மேஜைமேல் ஒரு கல்யாணப் பத்திரிகையை வைத்தார். மணமகள் ஜெரூஷா. காலஞ்சென்ற தனசிங், திருமதி ரத்தினபாய் ஆகியோரின் குமாரத்தி. வருகிற வெள்ளிக்கிழமை கிழக்குத் தாம்பரத்தில் கல்யாணம்.

"நாளைக்கு மூணாவது ஓலை சார்," என்றார் எட்மண்ட்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், யாருக்காவது தடை சொல்ல நியாயம் இருந்தால் சொல்லலாம் என்று ஆயர் கேட்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது முறையும் சொல்லாவிட்டால் பாதை தெளிவு.

"வில்லங்க சர்டிபிகேட்டு," என்றார் அக்கா.

"நாளைக்கு நானே எழுந்து தடை சொல்லிடலாம்னு இருக்கேன்," என்றார் எட்மண்ட்.

"மாப்ளயேவா? வூட்டுக்காரனே வில்லங்கம் போட்ட கதையா இருக்கே."

எட்மண்ட் சிரிக்கவில்லை. போனை எடுத்து நீட்டினார். புதன்கிழமை தெரியாத நம்பரிலிருந்து வந்த வீடியோ. ஒரு வார்த்தையும் கூட வரவில்லை. திருப்பி அழைத்தால் சுவிட்ச் ஆஃப்.

சின்ன வீடியோ. ஒரு கிறிஸ்தவக் கோயிலின் நடுப்பாதை. பின்னாலிருந்து எடுத்தது. வெள்ளைப் பட்டுப் புடவை, தலையில் நெட், கையில் பிளாஸ்டிக் பூங்கொத்து. ஒரு பெண் ஒரு ஆளின் இடது கையைக் கோத்துக்கொண்டு மெதுவாக நடக்கிறாள். கல்யாண மார்ச் ஒலிக்கிறது. நடுவில் ஒருமுறை அவள் பக்கவாட்டில் திரும்பி அந்த ஆளைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவன் முகம் தெரியவில்லை. கருப்புக் கோட்டு. தோளில் தொளதொளவென்று இருக்கிறது.

"ஜெரூஷாவா?"

"அவதான். சந்தேகமே இல்ல. ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கு சார். இல்லன்னா இது என்ன?" போனைப் பிடுங்கி மறுபடியும் ஓட விட்டார். "காலைப் பாருங்க. ரெண்டு பேர் காலும் ஒண்ணா விழுது. பழகாம அப்படி நடக்க முடியுமா? என்கூட வந்தா அவ எப்பவும் மூணடி பின்னாலதான் வருவா."

"நீங்க மூணடி முன்னாடி போறீங்கன்னும் சொல்லலாம்," என்றார் அக்கா.

"அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"எதுக்கு? பொய் சொல்றத நான் உக்காந்து கேக்கணுமா? அந்த ஆள் யாருன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. எனக்கு அவன் பேர் வேணும்."

'அவன்' என்று சொல்லும்போது அவர் தாடை இறுகியது. மூன்று நாளாக அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து, அவருக்கு அதில் ஒரு முகமே முளைத்திருந்தது. என்னைவிட உயரமா, என்னைவிடச் சம்பளமா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. சந்தேகப்படுவதற்கு அவருக்கு ஒருத்தி இருந்தாள்.

வீடியோவை எனக்கு அனுப்பிவிட்டுப் போனார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது இன்னா பாட்டு தம்பி?"

"கல்யாண மார்ச்."

"மார்ச்சுன்னா பரீட்சை மாசம். மார்ச்சுன்னா கட்சிக்காரன் ஜி.எஸ்.டி ரோட்ட மறிச்சிகினு போறது. மார்ச்சுன்னா ஸ்கூல்ல வெள்ள ஷூ போட்டுகினு வெய்யில்ல மயங்கி வுழறது. இப்ப கல்யாணத்துக்குமா? வெள்ளக்காரனுக்கு வேற பேரே கெடைக்கலையா?"

"அடக்கத்துக்கு வாசிக்கிறதும் மார்ச்தான்க்கா."

அக்கா போனை என் பக்கம் தள்ளினார். அபிகாயிலின் அடக்கத்துக்கு அவர் வந்திருந்தார். "ஓட வுடு," என்றார்.

ஓட விட்டேன். மூன்றாவது தடவை நிறுத்தினேன்.

"அக்கா, பிரசங்க பீடத்துல தொங்குற துணி என்ன கலர்?"

"ஊதா. ஏன், மேட்சிங் இல்லையா?"

"ஊதா போட்டிருந்தா லெந்து நாள். ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் தபசு காலம். அப்ப எங்க கோயில்ல கல்யாணமே வைக்க மாட்டாங்க."

"எங்களுக்கு ஆடி மாரி."

"ஆமா. அதனால இது கல்யாணம் இல்ல. இன்னொண்ணு. ரெண்டு பேரும் எந்தப் பக்கம் நடக்கறாங்க?"

"பீடத்தப் பாத்து."

"மாப்பிள்ளை பொண்ணோட கைகோத்துப் பீடத்தப் பாத்து நடக்க மாட்டான். முன்னாடியே போய் நின்னுப்பான். கல்யாணம் முடிஞ்சுதான் ரெண்டு பேரும் கைகோத்து வெளிய வருவாங்க. உள்ள கூட்டிட்டு வர்றது பொண்ணோட அப்பா. இல்லன்னா மாமா, அண்ணன்."

அக்கா நிமிர்ந்தார். "இது அந்த மாப்ளைக்குத் தெரியாதா? அவரும் உங்க கோயில்தான?"

"தெரியும். சின்ன வயசுலேருந்து பாத்திருப்பார்."

"அப்பறம்?"

"அவர் அந்தக் கையை மட்டும்தான் பாத்தார்."

மறுபடியும் ஓட விட்டேன். இந்த முறை அக்கா போனை மூக்குவரை கொண்டுபோனார்.

"கோட்டு கையப் பாரு தம்பி. மணிக்கட்டுக்கு மேல ரெண்டு கோடு. துணி அங்க மட்டும் வெளுக்காம கீது. ஏதோ சரிகை தெச்சு அப்பறம் பிரிச்சிருக்கான். இன்னா கோட்டு இது? ஓட்டல் வாட்ச்மேனா?"

நான் அந்த ஆளின் காலியான வலது கையைப் பார்த்தேன். தொடையோரம் தொங்கியது. ஆனால் சும்மா தொங்கவில்லை. நடு மூன்று விரல்களும் பேண்ட்டை அழுத்தின. ஒன்று, பிறகு இரண்டு சேர்ந்து, பிறகு மூன்றும். பாட்டு மேலே போகும்போது விரல்கள் மாறின.

"வாட்ச்மேன் இல்லக்கா. ட்ரம்பெட் வாசிக்கிறவர். அதுல மூணு கட்டை இருக்கும். வலது கையால அழுத்துவாங்க. கையில ட்ரம்பெட் இல்ல, ஆனா விரல் சும்மா இருக்க மாட்டேங்குது."

அக்கா எழுந்து ஹெல்மெட்டை எடுத்தார்.

"பேண்டு செட்டு கோட்டு! பம்மல்ல எனக்குத் தெரிஞ்சே ஒரு தெருவுல மூணு செட்டு கீது. ஒருத்தனுக்கு நான்தான் ரூம் புடிச்சுக் குடுத்தேன். அட்வான்ஸ இன்னும் பேசிகினே கீறான். வா."

பம்மலில் மழை இல்லாமலே சேறாகக் கிடக்கும் ஒரு சந்து. பழைய தோல் ஷாப்புகளின் சுவர் ஒரு பக்கம், தகரக் கூரை போட்ட பட்டறைகள் மறுபக்கம். முதல் செட்டில் எல்லாருக்கும் சிவப்புக் கோட்டு. இரண்டாவது செட்டில் ஷட்டர் போட்டிருந்தது. மூன்றாவதில் கதவு திறந்திருந்தது. உள்ளே சுவர் முழுக்கக் கருப்புக் கோட்டுகள். தரையில் ஒரு பெண் உட்கார்ந்து, ஒரு கோட்டின் கையில் சரிகைப் பட்டியை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கை முடிந்திருந்தது. மறு கையில் இரண்டு கோடுகள் மட்டும் இருந்தன.

அக்கா என் முழங்கையை இடித்தார்.

"பேண்டு வேணும்மா. ட்ரம்பெட் நல்லா ஊதறவரு யாரு இங்க?"

"எங்கப்பாதான். ஆனா இப்ப இல்லக்கா. குன்றத்தூர்ல மலையடிவாரத்துல ஒரு கல்யாணம். மாப்ள அழைப்புக்கு ஊதப் போயிருக்காரு."

"அப்பா பேரு இன்னாம்மா?"

"தனசிங்."

நான் பையைத் திறந்து பத்திரிகையை எடுத்து மறுபடி படித்தேன். அக்காவும் எட்டிப் பார்த்தார்.

"காலஞ்சென்றவரு குன்றத்தூர்ல மாப்ள அழைப்புக்கு ஊதிகினு கீறாரு," என்றார் மெல்ல.

அந்தப் பெண் பத்திரிகையைப் பார்த்துவிட்டாள். ஊசியைக் கோட்டில் குத்தினாள். எழுந்திருக்கவில்லை. ஓடவும் இல்லை.

"போலீஸா?" என்றாள்.

"இல்ல. மாப்பிள்ளை வீட்டு ஆள். உன் பேர் என்ன?"

"ஏஞ்சல்."

"வீடியோ எடுத்தது நீதான?"

"பாட்டு போட்டதும் நான்தான் சார். ஸ்பீக்கர எடுத்துகினு போனது, அந்தக்காவுக்கு நெட்டு குத்துனது, எல்லாம் நான்தான்." கோட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "எங்கம்மா அருள்மேரி. அப்பாவுக்கு ரெண்டாவது. அந்தக்காவோட அம்மா, அப்பா செத்துட்டாருன்னே ஊருக்கெல்லாம் சொல்லிட்டாங்க. நாங்களும் தாம்பரம் பக்கம் போனதில்ல. ஒருத்தருக்கொருத்தர் செத்த மாரிதான் இருந்தோம்."

"அப்பறம் எப்படி?"

"அந்தக்கா டீச்சர். அவங்க ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேக்கு நம்ம செட்டுதான் போச்சு. மார்ச் பாஸ்ட்ல பசங்கள கூட்டிகினு அவங்க முன்னாடி வராங்க. அப்பா பாத்துட்டாரு. ஊதறத நிறுத்திட்டாரு சார்! நடு பாட்டுல. டிரம்மு மட்டும் அடிச்சிகினு இருக்கு, பசங்க எல்லாம் கால் மாறிப் போச்சு. பிரின்சிபால் கத்துனாராம். அந்தக்கா மட்டும் அங்கயே நின்னுட்டாங்களாம்."

சரிகையை விரலில் சுற்றினாள்.

"நானும் ஸ்கூல்ல மார்ச் பாஸ்ட் போயிருக்கேன். கொடி புடிச்சிகினு முத ஆளா. அன்னிக்கும் அப்பாதான் வாசிச்சாரு. நான் அவர் மூஞ்சிக்கு நேரா சல்யூட் அடிச்சிகினு போறேன். திரும்பவே இல்ல. வூட்டுக்கு வந்து கேட்டா, ஊதறப்ப திரும்பக் கூடாது, தாளம் போயிடும்னாரு. நான் நம்பினேன் சார். தொழில்னா அப்படித்தான்னு நம்பினேன்."

பக்கத்துப் பட்டறையில் தையல் மெஷின் ஓடியது.

"கல்யாணத்துக்கு அவங்கம்மா அப்பாவ வுட மாட்டாங்க. அதனால ஒருவாட்டி, ஆள் இல்லாதப்ப, அப்பாவோட நடந்து பாக்கணும்னு அந்தக்காவுக்கு ஆச. தபசு காலத்துல கோயில் காலியா இருக்கும்னு கோயில பாத்துக்கற உபதேசியார்கிட்ட கேட்டு சாவி வாங்குனாங்க. அப்பா இந்தக் கோட்டுலேருந்து சரிகய பிரிச்சாரு. பேண்டுக்காரன் கோட்டு மாரி தெரியக் கூடாதாம்." கோட்டைத் தட்டினாள். "கல்யாணம், சாவு, கட்சி ஊர்வலம், குருத்தோல ஞாயிறு, எல்லாத்துக்கும் நடந்திருக்காரு. எல்லாத்துக்கும் ஊதிகினுதான் நடப்பாரு. ஊதாம அவர் நடந்து நான் பாத்ததே அன்னிக்குத்தான். அவங்களுக்காக."

"அதான் மாப்பிள்ளைக்கு அனுப்பின."

"அந்தக்கா குடுத்த பத்திரிகைல நம்பர் இருந்துச்சு."

"கல்யாணம் நிக்கணும்னா?"

"அந்தக்காவுக்கும் எதாவது ஒண்ணு கெடைக்காம போகட்டும்னு." தலையைக் குனிந்துகொண்டாள். "அவங்க நல்லவங்கதான். எனக்கு ஒரு சுடிதார் வாங்கினு வந்தாங்க. அளவு கரெக்டா இருந்துச்சு. அதுகூட எரிச்சலா இருந்துச்சு."

அக்கா குனிந்து கோட்டின் மறு கையை எடுத்துப் பார்த்தார்.

"தையல் நேரா கீது," என்றார். அவ்வளவுதான்.

வெளியே வரும்போது ஏஞ்சல் கதவுவரை வந்தாள். "நின்னுடுமா சார்?" என்றாள். இப்போது பயந்திருந்தாள். தெரியாது என்றேன்.

சாயங்காலம் கிழக்குத் தாம்பரம் கோயிலுக்கு எட்மண்டை வரச் சொன்னேன். உள்ளே பாடகர் குழு பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஜெரூஷாவும் அதில் இருந்தாள். பைக் நிறுத்தும் இடத்தில் வைத்து எட்மண்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணியின் நிறம், நடந்த திசை, விரல்கள், கோட்டு. கடைசியில் பெயர்.

அவர் முகம் முதலில் தெளிந்தது. பைக் சீட்டில் அப்படியே உட்கார்ந்தார். "அப்பாவா? அப்பாதானா?" என்று சிரித்தார். கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தார். நல்ல மனிதர் என்றுதான் அந்த நிமிடம் தோன்றியது.

அடுத்த நிமிடம் சிரிப்பு நின்றது.

"இருங்க. உயிரோட இருக்காரா? பேண்டு செட்ல ஊதறாரா?"

"நல்லா ஊதுவாராம்," என்றார் அக்கா.

"சார், இது யாருக்கும் தெரிய வேண்டாம். எங்க அப்பா சபைல செயலாளர். நாளைக்கு ஓலை வாசிச்சிட்டா எல்லாம் முடிஞ்சிடும். அந்த ஆள் அங்கயே இருக்கட்டும். ஜெரூஷாகிட்ட நான் எதுவும் கேட்டுக்கப் போறதில்ல. பெருந்தன்மையா விட்டுடறேன்."

"இன்னா பெருசு, இன்னா தன்ம," என்று அக்கா என் காதுக்கு மட்டும் சொன்னார்.

பயிற்சி முடிந்து ஜெரூஷா வெளியே வந்தாள். பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தாள். எட்மண்டைப் பார்த்துச் சிரித்தாள். எங்களைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"யாரு இவங்க?"

எட்மண்ட் என்னைப் பார்த்தார். நான் சொல்வதாக இல்லை. வேறு வழியில்லாமல் போனை நீட்டினார். அவள் பார்த்தாள். கோபப்படவில்லை. அந்த முதுகைப் பார்த்து உதட்டோரம் சிரித்தாள்.

"ஏஞ்சல் எடுத்தது. எனக்குக்கூட அனுப்பல அவ. எப்ப வந்துச்சு?"

"புதன்கிழமை."

"இன்னிக்கு சனிக்கிழமை." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நடுவுல ரெண்டு தடவை என்னைப் பாத்தீங்க. வேளச்சேரிக்குப் போய் கோட் அளவு குடுத்துட்டு வந்தோம். ஜூஸ் வாங்கிக் குடுத்தீங்க."

"ஜெரூ, நான் சந்தேகமே படல. சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான் இவங்கள..."

"இவங்க யாருன்னு இன்னும் சொல்லல."

"டிடெக்டிவ்மா," என்றார் அக்கா. "தப்பா எடுத்துக்காத."

ஜெரூஷா தலையாட்டினாள். கோயில் கதவைப் பூட்டும் உபதேசியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க அப்பா இறந்துட்டார்னு உங்ககிட்ட அம்மா சொன்னாங்க. நான் சொல்லல. நீங்க கேப்பீங்கன்னு காத்துட்டிருந்தேன். எப்படி இறந்தார், எப்ப இறந்தார், எங்க அடக்கம் பண்ணாங்கன்னு. ஒரு தடவ கேட்டிருந்தாக்கூட சொல்லியிருப்பேன். ஒரு முதுகப் பத்திக் கேக்க மேற்குத் தாம்பரம் போயிருக்கீங்க."

"அதான் இப்ப தெரிஞ்சிடுச்சே. நான் ஒண்ணும் சொல்லலையே. இத இத்தோட விட்டுடலாம். பத்திரிகைல போட்டபடியே இருக்கட்டும். நாளைக்கு ஒரு நாள்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து ஆயரை அழைத்தாள். எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினாள். ஐயா, நாளை ஓலையில் ஒரு திருத்தம். என் அப்பா பெயருக்கு முன்னால் இருக்கும் வார்த்தையை எடுத்துவிடுங்கள். ஆமாம், உயிரோடு இருக்கிறார். ஆமாம், வருவார். அம்மாவிடம் இன்றைக்கே நான் சொல்லிவிடுகிறேன்.

எட்மண்ட் பைக் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். முகத்தில் பொறாமை இல்லை. அது இருந்தபோது அவர் கொஞ்சம் உயிரோடு இருந்தார் என்று தோன்றியது.

"எல்லார் முன்னாடியுமா ஜெரூ? எங்க அப்பா அங்க இருப்பார்."

அவள் வாசல்வரை நடந்துவிட்டாள். நின்றாள். அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"தடை சொல்றதா இருந்தா எழுந்து நின்னு சத்தமா சொல்லுங்க, எட்மண்ட். எங்க அப்பா வாசல் பக்கம்தான் உக்காருவார். அவருக்கும் கேக்கணும்."